மச்சாள் போட்ட புள்ளி

நான் பல்கலைக்கழக மருத்துவ பீடாதிபதியாகத் தெரிவான செய்தியைச் சொல்ல, மன்னாரில் எங்கள் ஊரான பள்ளிமுனைக்குப் போனபோது, மச்சாள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். மச்சாள் என் மூத்த அண்ணனின் மனைவி. அதற்கு முன்னரே பெண்கள் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவள். அதனால் எங்களுக்குள் மரியாதைப் பேச்செல்லாம் கிடையாது. அண்ணன் கடலில் பிடித்து வருவதில் விற்றது போக மிச்சத்தைக் கருவாடாக்கி, வீட்டு முன்னறையிலேயே சின்னதாக ஒரு கடை வைத்திருந்தாள்.

வெட்டுகிற கையை நிறுத்தாமலே, பீடாதிபதிக்கு என்ன வேலை என்று கேட்டாள். கூட்டம் நடத்துவது, பாடத்திட்டம் பார்ப்பது, பரீட்சை ஒழுங்கு செய்வது, கடிதங்களில் கையெழுத்து வைப்பது என்று சொன்னேன்.

"அப்ப நீ வருத்தக்காரரைப் பாக்கிறேல்லையோ?"

"நேரம் கிடைச்சால் பாப்பன்."

"கந்தோர் வேலை எண்டு சொல்லன்," என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மருத்துவம் படித்து முடித்து, மன்னார் வைத்தியசாலையில் சில வருடங்கள் வேலை செய்து, மேற்படிப்புக்கு வெளிநாடு போய், திரும்பி வந்து விரிவுரையாளராகி, பேராசிரியராகி, கடைசியில் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் இந்தப் பதவிக்கு வந்திருந்தேன். அவ்வளவையும் மச்சாள் அலுவலக வேலை என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டாள். ஆனால் சொன்னதில் பிழையில்லை. அந்த வருடம் நான் ஸ்டெதஸ்கோப்பைத் தொட்ட நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பதவி ஏற்ற சில மாதங்களில் இறுதியாண்டு மாணவர்களின் பரீட்சை வந்தது. நோயாளி ஒருவரை மாணவன் விசாரித்து, உடம்பைப் பரிசோதித்து, என்ன நோய் என்று பரீட்சகர்களுக்குச் சொல்ல வேண்டும். இதற்காக வாட்டில் இருக்கும் நோயாளிகளிடம் அனுமதி கேட்டு, காலையிலிருந்து மாலைவரை அவர்களைக் கட்டிலில் வைத்திருப்போம். அந்த முறை மன்னார் மாவட்டத்து நானாட்டான் பக்கத்து விவசாயி ஒருவர் இருந்தார். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிய நோயாளி. ஏழு மாணவர்கள் அவரைப் பார்த்து முடித்திருந்தார்கள். எட்டாவதாக வந்தவன் பயத்தில் ஸ்டெதஸ்கோப்பைக் கீழே போட்டுவிட்டான். விவசாயி அவனைப் பார்த்து இரக்கப்பட்டு, பரீட்சகர்கள் மறுபக்கம் திரும்பிய நேரத்தில் மெதுவாகச் சொன்னாராம்:

"தம்பி, பயப்பிடாதையும். எனக்கு இடப்பக்க வால்வு சுருங்கிப் போச்சுது. என்னை இடப்பக்கம் சரிச்சுப் படுக்க வைச்சு, குழாயை இந்த இடத்தில வைச்சுக் கேளும்."

அவனுக்கு அன்று முழுப் புள்ளி. பின்னேரம் அந்த விவசாயியே பெருமையோடு இதை எனக்குச் சொன்னார். அவர் சொன்ன விதத்தில் நோயின் பெயரும் அடையாளங்களும் எங்கள் விரிவுரைக் குறிப்பில் இருப்பதைவிடத் தெளிவாக இருந்தன. நான் சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். ஆனால் நோயுள்ள ஒரு மனிதரை எட்டுத் தரம் புரட்டிப் போட்டது மனதுக்குச் சரியாகப் படவில்லை. மாணவர்கள் வாட்டில் எப்படிப் பேசுகிறார்கள் என்பதும் உறுத்தியது. "தங்களுக்கு மூச்சுத் திணறல் உண்டா?" என்று புத்தகத் தமிழில் கேட்பார்கள். நோயாளி முழித்துவிட்டு, "அது இல்லை டொக்டர், இளைப்புத்தான்," என்பார். ஊர்ப் பேச்சில் இளைப்பும் அதுதான் என்று தெரியாத மாணவன் "மூச்சுத் திணறல் இல்லை" என்று எழுதிக்கொள்வான்.

பீடச் சபைக் கூட்டத்தில் ஒரு யோசனை வைத்தேன். சுகமாக இருக்கும் சாதாரண ஆட்களைப் பழக்கி, நோயாளி மாதிரி நடிக்கவைத்து, அவர்களோடு மாணவர் பேசுவதைப் பரீட்சையாக்கலாம் என்றேன். வேறு நாடுகளில் இதைப் பார்த்திருந்தேன். சத்திரசிகிச்சைப் பேராசிரியர் எனக்கு எதிராக வாக்களித்தவர், ஆனால் நேர்மையானவர். இது மருத்துவ பீடமா நாடகப் பள்ளிக்கூடமா என்று கேட்டார். நீண்ட விவாதத்துக்குப் பிறகு ஒரு முடிவு வந்தது. இறுதியாண்டு மாணவர்கள் களப்பயிற்சிக்கு மன்னாருக்குப் போவார்கள். அங்கே, பட்டத்துக்குச் சேராத ஒரு சோதனைப் பரீட்சையாக நடத்திப் பார்க்கலாம். "உங்கட ஊரில, உங்கட ஆக்களோட செய்து பாருங்கோ," என்று சத்திரசிகிச்சைப் பேராசிரியர் சொன்னபோது சபை சிரித்தது. நான் அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டேன்.

பள்ளிமுனைப் பங்குத்தந்தை ஞாயிறு பூசை முடிவில் அறிவித்தல் கொடுத்தார். நடிக்கத் தெரிந்தவர்கள் கோயில் மண்டபத்துக்கு வரலாம் என்றார். வந்தவர்களில் பெரும்பாலானோர் தவக்காலத்தில் கோயில் முற்றத்தில் திருப்பாடுகளின் நாடகம் போடுகிறவர்கள். அவர்களில் ஒருவர், இயேசுவுக்குத் தீர்ப்புச் சொல்லும் ஆளுநர் வேடத்தை வருடக்கணக்காகப் போட்டு வந்த கடற்றொழிலாளி. ஊரே அவரை ஆளுநர் என்றுதான் கூப்பிடும். எருக்கலம்பிட்டியிலிருந்து ஒரு தையல்காரரும் வந்தார். அவர் எங்கள் அண்ணனின் சிநேகிதர், கலகலப்பான மனிதர்.

நான் ஆட்களின் பெயரையும் நோயையும் எழுதிப் பீடத்துக்கு அனுப்பினேன். அதில் "ஆளுநர் – நெஞ்சு நோ" என்று இருந்ததைக் கண்டு, என் அலுவலகத்து எழுதுநர் பதறிப்போய்த் தொலைபேசி எடுத்தார். மாகாண ஆளுநருக்கு வருத்தம் என்றால் பொலிசுக்கு அறிவிக்க வேண்டுமா, வாகனம் அனுப்ப வேண்டுமா என்று கேட்டார். அவருக்கு விளங்கப்படுத்த ஒரு கால்மணி நேரம் ஆனது.

பழக்குவது லேசாக இருக்கவில்லை. ஆளுநருக்கு நான் கொடுத்தது சாதாரண நெஞ்சு நோ, லேசான வலி. அவரோ இரண்டு கையாலும் நெஞ்சைப் பிடித்து, மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும் குரலில் முனகி, கதிரையிலிருந்து சரிந்து விழுந்தார். கீழே விழ வேண்டாம், மெல்லிய குரலில் சொன்னால் போதும் என்றேன். மெல்லச் சொன்னால் சனத்துக்கு எப்படிக் கேட்கும் என்றார். சனம் இல்லை, ஒரே ஒரு மாணவன்தான் என்று சொன்னதும் அவர் முகம் வாடிப்போனது. ஆஸ்துமா கொடுத்திருந்த தையல்காரர் வேறு மாதிரி. மாணவன் உட்கார முன்னமே, "எனக்குத் தொய்வு, தம்பி. இரவில கூட. புழுதிக்குக் கூடும். பம்ப் வைச்சிருக்கிறன், ஆனா பாவிக்கிறேல்ல," என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிடுவார். படிக்கிற பிள்ளைகளை ஏன் கஷ்டப்படுத்துவான் என்பது அவருடைய நியாயம்.

மச்சாள் முதலில் மறுத்தாள். கடையை யார் பார்ப்பது என்றாள். மூன்றாம் நாள் தானாகவே மண்டபத்துக்கு வந்து பின்னால் நின்று பார்த்தாள். நான்காம் நாள் எனக்கும் ஒரு வருத்தம் தா என்றாள்.

அவளுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, கொடுத்தேன். அவளுக்கு உண்மையிலேயே அந்த வருத்தம் இருந்தது, மருந்தும் எடுத்து வந்தாள். அதனால் நடிப்பது சுலபம் என்று நினைத்தேன். நான் எழுதிய கதை இதுதான்: மருந்து எடுத்தும் சீனி குறையாத ஒரு பெண். காரணம், வயிறு எரிகிறது என்று குளிசையை, அந்த மாத்திரையை, ஒழுங்காகக் குடிப்பதில்லை. ஆனால் டொக்டருக்குப் பயந்து அதைச் சொல்வதில்லை. மாணவன் பக்குவமாகக் கேட்டால்தான் உண்மை வெளியே வர வேண்டும்.

மச்சாள் தாளை ஒரு தரம் வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"உது சரிவராது. வயிறு எரியுறதை ஆரும் ஒளிக்க மாட்டினம். அவ குளிசையைப் பாதியா உடைச்சு மனுசனுக்குக் குடுக்கிறா எண்டு போடு. மனுசனுக்கும் உதே வருத்தம். அவர் கிளினிக்குக்குப் போகமாட்டார். கிளினிக் நாளில கடலுக்குப் போயிடுவார்."

"அதை ஏன் டொக்டருக்குச் சொல்லேல்ல? பயமோ?"

"பயமில்லை. வெக்கம். மனுசனைக் கிளினிக்குக்குக் கூட்டிவர ஏலாத பொம்பிளை எண்டு நினைப்பினம் எல்லோ?"

அசந்துபோனேன். இத்தனை வருடம் நான் எழுதிய எந்த நோயாளிக் கதையிலும் இப்படி ஒரு காரணம் இருந்ததில்லை. உடனே தாளை மாற்றி எழுதினேன். அவளுடைய கற்பனையை மெச்சிப் பங்குத்தந்தையிடமும் சொன்னேன்.

பரீட்சை நாளன்று மண்டபத்தைச் சேலைகளால் ஐந்து அறைகளாகப் பிரித்திருந்தோம். மணி அடிப்பதற்குக் கோயில் பலிபீடத்து மணியை இரவல் வாங்கியிருந்தோம். வெளிப் பரீட்சகராகத் தெற்கிலிருந்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் வந்திருந்தார். சிங்களவர், தமிழ் ஓரளவு விளங்கும். மெலிந்த, குறும்பான மனிதர். நோயாளியாக நடிப்பவரும் பத்துக்கு இத்தனை என்று புள்ளி போட வேண்டும் என்பது அவர் சேர்த்த யோசனைதான். அதற்கு ஒரே ஒரு கேள்வி: இந்த டொக்டரிடம் நீங்கள் திரும்பி வருவீர்களா?

எல்லாம் நன்றாகவே நடந்தது. ஆளுநர் அன்று மிகவும் அடக்கமாக நோவைத் தாங்கினார். தையல்காரர் தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். மச்சாளின் தாளைச் சேர்த்து எடுத்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. அந்த வகுப்பின் முதல் மாணவனுக்கு, தங்கப்பதக்கம் அவனுக்குத்தான் என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தவனுக்கு, அவள் இரண்டு புள்ளி போட்டிருந்தாள். தெற்கிலிருந்து வந்து எங்கள் பீடத்தில் படித்த ஒரு மாணவிக்கு, தமிழ் தட்டித் தடவிப் பேசுகிறவளுக்கு, ஒன்பது.

முதல் மாணவன் முகம் சிவக்க என்னிடம் வந்தான். கேட்க வேண்டிய எல்லாக் கேள்வியையும் கேட்டதாகவும் ஒன்றும் விடவில்லை என்றும் சொன்னான். பரீட்சகரின் தாளும் அதையே சொன்னது. ஆனால் பாதிக் குளிசைக் கதை அவனுக்குக் கிடைக்கவில்லை. அந்த மாணவிக்கு மட்டும்தான் கிடைத்திருந்தது.

எல்லோரையும் உட்காரவைத்து, மச்சாளிடம் காரணத்தைச் சொல்லச் சொன்னேன். அவள் கூச்சப்படவில்லை.

"இந்தத் தம்பி கெட்டிக்காரன். நான் ஒரு பதில் சொல்லி முடிக்க முன்னம் அடுத்த கேள்வியோட நிக்கிறார். அந்தப் பிள்ளை, 'அம்மா, குளிசை குடிக்க ஏதும் கஷ்டம் இருக்கா' எண்டு கேட்டிட்டு, அடுத்த கேள்விக்குத் தமிழ் தேடிக்கொண்டு என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு இருந்துது. அந்த இடைவெளியில எனக்குச் சொல்லவேணும் போல வந்திட்டுது."

மாணவிக்கு வெட்கம் தாங்கவில்லை. தனக்குச் சொல் வராததால்தான் பேசாமல் இருந்ததாகவும் வேறு ஒன்றுமில்லை என்றும் ஒப்புக்கொண்டாள். மண்டபம் முழுவதும் சிரித்தது. முதல் மாணவனும் சிரிக்க முயன்றான், முடியவில்லை.

வெளிப் பரீட்சகர் அப்போதுதான் எழுந்தார். பீடாதிபதியும் ஒரு தரம் இருந்து பார்க்கலாமே என்றார். மாணவர்கள் கைதட்டினார்கள். எனக்கு என்ன பயம்? கதையை எழுதியவளே நான். சேலை மறைப்பை விலக்கி, எல்லோரும் பார்க்கக் கதிரையில் உட்கார்ந்தேன். மச்சாள் முந்தானையைச் சரிசெய்து, நான் முன்பின் தெரியாத ஒருத்தி போல என்னைப் பார்த்தாள்.

"வணக்கம் டொக்டர். உடம்பு ஒரே அலுப்பாக் கிடக்குது."

நான் கேட்க வேண்டிய வரிசையில் கேட்டேன். தாகம், சிறுநீர் போவது, கண் பார்வை, கால் விறைப்பு. குரலில் கனிவும் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். குளிசை எல்லாம் ஒழுங்காகக் குடிக்கிறீங்களோ என்று கேட்டேன்.

"ஓம், குடிக்கிறன், டொக்டர். வீட்டில..."

"நல்லது. கடைசியா எப்ப ரத்தம் சோதிச்சனீங்கள்?"

மணி அடித்தது. வெளிப் பரீட்சகர் தாளை மச்சாளிடம் நீட்டினார். அவள் யோசிக்கவே இல்லை. நாலு என்று எழுதினாள்.

"'வீட்டில' எண்டு நான் தொடங்கினனான். நீ விடேல்ல. வந்து இருந்த உடனே மணிக்கூட்டையும் பாத்தனி."

முதல் மாணவன்தான் எல்லாரையும்விட உரத்துச் சிரித்தான். நானும் சிரித்தேன். உண்மையைச் சொன்னால், உள்ளே ஏதோ சுருக்கென்றது. எனக்கே தெரிந்த பதிலைக் காது கொடுத்துக் கேட்காமல் தாண்டியிருக்கிறேன்.

எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, அந்த மாணவி தனியாக என்னிடம் வந்தாள். 'மடம்' என்று என்னைக் கூப்பிட்டு, அந்த அம்மா சொன்ன கணவர் நிஜமாகவே இருக்கிறாரா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். ஏன் என்றேன். மற்ற நடிகர்கள் எல்லோரும் மணி அடித்ததும் பழைய முகத்துக்கு மாறினார்களாம். அந்த அம்மா மட்டும் மணி அடித்த பிறகும் இவளுடைய கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாராம்.

நான் தேநீரை வைத்துவிட்டு மண்டபத்துக்குள் போனேன். மச்சாள் கட்டியிருந்த சேலைகளை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு முனையை நானும் பிடித்தேன்.

"அண்ணாவுக்கோ?"

"ஓம்," என்றாள், மடிப்பை விடாமல். "தவக்காலம் தொடங்க முன்னமே. தலைச்சுத்து எண்டவர், ராவிலை நாலு தரம் எழும்புறவர். கிளினிக்குக்குப் போங்கோ எண்டால் கேக்கிறாரில்லை. என்ர குளிசையில பாதி குடுத்தன்."

"எனக்கு ஏன் சொல்லேல்ல?"

"நீ வரேக்க எல்லாம் போனும் கையுமா வாறாய். நான் தொடங்குறனான். நீ அடுத்த கதைக்குப் போயிடுவாய்."

நீரிழிவு பற்றி மாணவர்களுக்கு வருடாவருடம் விரிவுரை எடுக்கிறவள் நான். என் சொந்த அண்ணன் பாதிக் குளிசையில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறார். சேலையின் நான்கு மூலையையும் சேர்த்துப் பிடித்து மடித்து முடித்தோம். பிறகு அவளே, "சரி, இப்ப கேட்டுட்டாய்தானே. வா, ஆளைப் பிடிப்பம்," என்றாள்.

அண்ணன் கரையில் வள்ளத்தடியில் எஞ்சினைக் கழற்றி வைத்துக்கொண்டு இருந்தார். நான், மச்சாள், அந்த மாணவி, பின்னால் என்ன ஏது என்று தெரியாமலே ஆளுநர் என்று நாலு பேர் வருவதைக் கண்டதும் அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. தனக்கு ஒன்றுமில்லை என்றார். விரலில் குத்தி ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்க்க மட்டும் சம்மதித்தார். கருவி காட்டிய அளவைப் பார்த்து மாணவி என் முகத்தைப் பார்த்தாள். அண்ணன் கருவியைத்தான் குறை சொன்னார், உப்புக் காற்றுக்கு இந்த மெசின் எல்லாம் பிழையாகத்தான் காட்டும் என்றார். அதனால் ஆளுநரின் விரலிலும் குத்திக் காட்ட வேண்டியிருந்தது. அவருடைய அளவு சரியாக இருந்தது. அவர் அதைத் தனக்குக் கிடைத்த புள்ளி போல ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அடுத்த நாள் அண்ணன் கடலுக்குப் போகவில்லை. நானே அவரை வைத்தியசாலைக்குக் கூட்டிப் போனேன். வரிசையில் அவருக்குப் பக்கத்தில் ஒரு வாங்கில் இரண்டு மணித்தியாலம் இருந்தேன், தொலைபேசியை மச்சாளிடம் கொடுத்துவிட்டு. அந்த இரண்டு மணித்தியாலத்தில் அண்ணன் எனக்குச் சொன்ன கதைகளில், அவர் வருத்தம் ஒன்று மட்டும்தான் மருத்துவம் சம்பந்தப்பட்டது. கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் இன்னும் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் எனக்கு மூச்சு வந்தது.

களப்பயிற்சி முடிந்து புறப்படும் நாளில் முதல் மாணவன் மச்சாளின் கடைக்குப் போனானாம். இன்னொரு தரம் பரீட்சை எடுக்கட்டுமா என்று கேட்டானாம். அவள் அவனைக் கதிரையில் உட்காரவைத்து, வந்த ஆட்களுக்குக் கருவாடு நிறுத்துக் கொடுத்தபடியே ஒரு மணித்தியாலம் கதைத்தாள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். என்ன புள்ளி கிடைத்தது என்று இருவரும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் பஸ்ஸில் ஏறும்போது அவன் என்னிடம் வந்து, "மடம், கடலுக்குப் போற ஆக்கள் ஞாயிற்றுக்கிழமை போகாயினம்தானே. பூசை முடிய மண்டபத்தில ஒரு கிளினிக் வைச்சால் என்ன?" என்றான். எங்கள் ஊரில் பிறந்து, அந்த வைத்தியசாலையிலேயே வேலை செய்த எனக்கு அது தோன்றியிருக்கவில்லை.

பீடச் சபைக்கு நான் அறிக்கை எழுதியபோது, எல்லோருடைய புள்ளிகளோடும் என்னுடைய நாலையும் சேர்த்தேன். சத்திரசிகிச்சைப் பேராசிரியர் அந்தப் பக்கத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி வாசித்தார். இது அச்சுப் பிழையா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் அறிக்கையை மூடிவைத்து, அடுத்த முறை தானும் ஒரு தரம் இருந்து பார்க்க விரும்புவதாகச் சொன்னார். புதிய பரீட்சைமுறை அன்று எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. அடுத்த வருடம் அவர் வந்து பரீட்சைக்கு இருந்தார். தையல்காரர் அவருக்கு எட்டுப் போட்டார். தையல்காரர் யாருக்கும் எட்டுக்குக் குறையப் போட்டதில்லை என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

ஞாயிறு கிளினிக்குக்கு மாவட்ட வைத்தியசாலை மருந்தும் ஒரு நேர்ஸும் தந்தது. நாங்கள் களப்பயிற்சி மாணவர்களை அனுப்பினோம். கட்டுக்கரைக் குளத்துப் பக்கத்திலிருந்து வயல் வேலைக்காரர் சிலரும் மோட்டார் சைக்கிளில் வரத் தொடங்கினார்கள். அந்த மாணவி பட்டம் பெற்றபின் தானே கேட்டு மன்னாருக்கு நியமனம் வாங்கி வந்தாள். இப்போது அவளுக்கு எங்கள் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. பிள்ளை முந்தியைவிட இப்ப கொஞ்சம் கூடக் கதைக்குது என்று மச்சாளுக்கு ஒரு குறை.

பல வருடங்களுக்குப் பிறகு நான் துணைவேந்தரானேன். அதற்கும் மச்சாள், அது பெரிய கந்தோரோ என்றுதான் கேட்டாள். ஓம் என்றேன். மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் கோப்புகளைப் பூட்டி வைத்துவிட்டுப் பள்ளிமுனைக்குப் போய், மண்டபத்தில் ஒரு மேசையில் இருந்து வருத்தக்காரரைப் பார்ப்பதை நான் விடவில்லை. அண்ணன் முதல் ஆளாக வந்து, சீனி போடாத தேநீரைப் பற்றி முறைப்பாடு சொல்லிவிட்டுத்தான் கையை நீட்டுவார். புதிதாக வரும் மாணவர்களிடம், இந்த ஊருக்குப் பல்கலைக்கழகம் வந்ததே தன்னால்தான் என்று சொல்வார். அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.